குப்பை வண்டியில் எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது என்றால், நான் பிரித்து என்ன பயன்?

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் பெண் போன வாரம் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார்: “அங்கிள், நாலு வருஷமா கடைக்குத் துணிப்பைதான் எடுத்துட்டுப் போறேன். ஆபீஸ்ல பேப்பர் கப் வேண்டாம்னு டம்ளர் வெச்சிருக்கேன். வீட்டுல குப்பையை மூணாப் பிரிக்கிறேன். கீழே வண்டியில பார்த்தா மூணையும் ஒண்ணாக் கொட்டுறாங்க. ஆலைக்காரங்களும் அரசாங்கமும் செய்யறதைச் செஞ்சுக்கிட்டேதான் இருக்காங்க. நான் மட்டும் மாறி என்ன ஆகப்போகுது? அரசியல்தானே மாறணும்?”

கையில் பால் கவரோடு நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. எழுதித் தருகிறேன் என்றேன். இருபத்திரண்டு வருடம் திடக்கழிவுப் பொறியாளராகக் காலம் தள்ளியவன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த வண்டி. உங்கள் கோபம் சரி, ஆனால் ஆள் தப்பு. பேட்டரி வண்டியில் வரும் அந்த அம்மாவுக்கு வெயில் ஏறுவதற்குள் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று கணக்கு. வண்டியில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் உண்டு. பத்து வீட்டில் ஏழு வீடு ஒரே பையில் கட்டிக் கொடுத்தால் மீதி மூன்று வீட்டின் பிரித்த குப்பையைத் தனியாகக் காப்பாற்ற அவருக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. இன்னொன்று, குப்பை ஒப்பந்தம் எடைக்கு இவ்வளவு என்று போடப்பட்டிருந்தால் பிரிப்பது ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம். சாம்பார், சோறு, டயப்பர், மண் எல்லாம் ஈரத்தோடு சேர்ந்து கிடப்பதுதான் கனம், கனம்தான் காசு. அப்படிக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, வண்டியில் பிரிக்கவில்லையே என்று தூய்மைப் பணியாளரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதுதான் அரசியல். கட்சி, கொடி, மேடை எல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, கைக்கு எட்டுகிற ஒரு விஷயத்தைப் பார்ப்போம். அன்று உங்கள் கையிலும் இருந்தது, என் கையிலும் இருந்தது: பால் கவர். நம் தெருவில் எத்தனை வீடு, ஒரு நாளைக்கு எத்தனை கவர்? ஆனால் தெருவில் பால் கவர் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? அபூர்வம். கழுவி, சமையலறைச் சுவரில் ஒட்டிக் காயவைத்து, மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடையில் போடுவது நம் அம்மாக்களின் பழக்கம். அது ஒரே வகைப் பிளாஸ்டிக், உருக்கினால் மறுபடி பயன்படும், கடைக்காரர் கிலோவுக்கு விலை கொடுக்கிறார். அதே கடைக்காரரிடம் சிப்ஸ் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள், இடது கையால் தள்ளிவிடுவார். உள்ளே வெள்ளிபோல மின்னுகிறதே, அது அலுமினியப் பூச்சு. அதன் இரண்டு பக்கமும் வேறு வேறு பிளாஸ்டிக் படலம். பிரிக்க முடியாது, உருக்கினால் எதற்கும் ஆகாது. அதிகபட்சம் அரியலூர்ப் பக்கம் ஏதாவது சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போகும். சாக்கடை அடைப்பை எடுக்கும்போது வருவதெல்லாம் அந்த ஜாதிதான். பால் கவரைப் போடுகிறவரும் சிப்ஸ் பாக்கெட்டை வீசுகிறவரும் ஒரே ஆள்தான். ஒன்றுக்கு விலை இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நீலகிரியில் குடித்துவிட்டுக் காட்டோரம் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, 2022 மே மாதம் அங்கிருந்த டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் வீசினாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து காசு வாங்கிப் போனார். அதன்பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போனது. இடமும் ஆளும் தராமல் எங்கள் தலையில் கட்டுகிறீர்களே என்று கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள், அதுவும் நியாயம்தான். குடிப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் சுற்றுச்சூழல் ஞானம் வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? ஒரு மஞ்சப்பைப் பேச்சும் இல்லை, உறுதிமொழியும் இல்லை. பத்து ரூபாய். நம் தாத்தா காலத்து கோலி சோடாக் கடையில் இதே முறைதான். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் கடைக்காரர் கூப்பிட்டு உட்கார வைப்பார்.

ஆக, ‘அரசியல்தானே மாறணும்’ என்று நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் நான் உங்கள் கட்சி. தனி மனிதன் தலையில் பழியைப் போடுவது ஒரு பழைய வியாபார உத்தியும்கூட. அமெரிக்காவில் 1971-ல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. செவ்விந்தியர் ஒருவர் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். ‘மாசை உண்டாக்குவது மனிதர்கள், நிறுத்தவும் அவர்களால்தான் முடியும்’ என்று முடியும். அந்த விளம்பரத்தை வெளியிட்ட அமைப்புக்குப் பின்னால் பணம் போட்டவர்களில் பானக் கம்பெனிகளும் பாட்டில், டின் செய்கிற கம்பெனிகளும் இருந்தார்கள். திருப்பித் தரும் பாட்டிலை விட்டுவிட்டுத் தூக்கி எறியும் டின்னுக்கு மாறியவர்கள் அவர்களேதான். கண்ணீர் விட்ட நடிகரும் செவ்விந்தியர் இல்லை, இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்புறம் 2004, 2005 வாக்கில், உங்கள் ‘கார்பன் தடம்’, அதாவது உங்களால் வெளியேறும் கரியமில வாயு, எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு கணிப்பானைப் பிரபலப்படுத்தியது யார் தெரியுமா? பிரிட்டிஷ் பெட்ரோலியம். எண்ணெய் விற்கிறவர் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு எதிரே வக்கீலாக நின்றார்.

அதனால் ‘என்னால்தான் பூமி சூடாகிறது’ என்ற குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள். அது உதவவே உதவாது. என் அனுபவத்தில் குற்ற உணர்ச்சியில் தொடங்கியவர்கள் ஆறு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள், விட்ட பிறகு மற்றவர்களைவிட அதிகமாகக் கேலி பேசுகிறார்கள்.

துணிப்பைக்கு வருகிறேன், இது கொஞ்சம் சங்கடமான பகுதி. டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தி விளைய நீர், உரம், பூச்சிமருந்து, துணி நெய்ய மின்சாரம் எல்லாம் கணக்குப் போட்டால், சாதாரணப் பருத்திப் பையை 52 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமம் ஆகும். எல்லாவகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. தினமும் எடுத்துப் போனாலும் பத்தொன்பது வருடம்! 2011-ல் பிரிட்டனில் வந்த ஆய்வு 131 முறை என்றது. இந்த எண்களைக் காட்டி ‘பார்த்தாயா, பிளாஸ்டிக்கே தேவலை’ என்று சொல்லும் புத்திசாலிகள் உண்டு. அவர்கள் மறப்பது, டென்மார்க்கில் பை சாக்கடைக்குப் போவதில்லை, எரிஉலைக்குப் போகிறது. நம் ஊரில் மாட்டு வயிற்றுக்கும் கூவத்துக்கும் போகிறது, அந்தப் பாதிப்பு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. ஆனாலும் அந்த எண்ணில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. எங்கள் வீட்டு அலமாரியை ஒருநாள் திறந்து எண்ணினேன்: நாற்பத்தொரு தாம்பூலப் பைகள். மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி, மண்டபம். சிலர் வீட்டில் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது, பை இன்னும் மடிப்பு கலையாமல் இருக்கிறது. ஒரு காலத்தில் ‘மஞ்சப்பையோட பஸ் ஏறி வந்தவன்’ என்றால் பட்டிக்காட்டான் என்று கேலி. இப்போது அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று 2021 டிசம்பரில் திட்டம் தொடங்கி, கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் பை வரும் எந்திரமும் வைத்தது. நல்லது. ஆனால் வீட்டில் நாற்பத்தொன்று இருக்கிறவன் அந்த எந்திரத்தில் காசு போட்டால் அது சுற்றுச்சூழல் ஆகாது, இன்னொரு ஷாப்பிங். பையின் நன்மை துணியில் இல்லை, கிழிகிற வரைக்கும் தூக்குவதில்தான் இருக்கிறது.

உங்கள் பேப்பர் கப் விஷயம் இதைவிடச் சுவாரசியம். ஒரு பேப்பர் கப்பை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் காகிதம் கூழாகி வழன்று வரும், உள்பக்கம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் அப்படியே முழுசாகக் கையில் நிற்கும். தமிழ்நாட்டில் 2018 ஜூன் மாதம் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையில் 14 பொருட்கள் இருக்கின்றன, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் ஒன்று. துணிமாதிரித் தெரியும் ‘நான்-ஓவன்’ பையும் ஒன்று. (அதன் ஓரத்தில் ஒரு இழை பிய்த்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் சாம்பலாகும், இது சுருண்டு மணியாக உறையும்.) இரண்டும் இன்று எந்தத் தெருவில் இல்லை? அபராதம் விழுவது பெரும்பாலும் பூக்காரம்மாவுக்கும் தள்ளுவண்டிக்கும்தான். பை செய்கிற ஆலை எங்கோ வேறு மாநிலத்தில் ஓடுகிறது. மத்திய அரசு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கச் சில பொருட்களைத் தடை செய்தது, கேரி பேக்கைத் தடை செய்யாமல் 120 மைக்ரான் தடிமன் வேண்டும் என்று மட்டும் சொன்னது. தடிமனை எந்தக் காய்கறிக் கடையில் அளப்பார்கள்? சிப்ஸ் பாக்கெட் செய்கிறவர்களைப் பொறுத்தவரை, விற்ற பிளாஸ்டிக் அளவுக்குத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைச் சான்றிதழாக வாங்கிக் காட்டலாம் என்று வந்ததும், 2023-ல் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பிடித்தது. சட்டம் வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி நான் உங்கள் கட்சியிலிருந்து விலகும் இடம்.

2003-ல் ஜெயலலிதா அரசு எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கெடு வைத்து, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டியே செய்தார்கள். மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் அந்த வருடம் தீபாவளி முன்கூட்டியே வந்தது. சென்னையில் நிலத்தடி நீர் ஏறியதைக் கிணறு வைத்திருந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அரசியல் தன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் என்ன ஆனது? நம் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடி வருவதற்கு முன்னால், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த சமயம், நானும் வாட்ச்மேனும் பின்பக்கத்துச் சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறந்தோம். திறக்கக் கடப்பாறை தேவைப்பட்டது. உள்ளே கூழாங்கல்லே தெரியவில்லை, இரண்டடிக்குச் சேறு. அதன்மேல் ஒரு பந்து, ஒற்றைச் செருப்பு, ஏகப்பட்ட அரச இலை. மொட்டை மாடியிலிருந்து வரும் குழாயை யாரோ நடுவில் வெட்டி நேராகத் தெருச் சாக்கடைக்குத் திருப்பியிருந்தார்கள், கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று! பல வருட மழையை நாங்கள் கைப்படவே தெருவுக்கு அனுப்பியிருக்கிறோம். அதே கோடையில் லாரித் தண்ணீருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தோம்.

சட்டத்தால் ஒருமுறை குழாய் போட வைக்க முடியும். ஒவ்வொரு செப்டம்பரும் மூடியைத் திறக்க வைக்க முடியாது. ஆலைப் புகையில் உங்கள் பங்கு கடலில் ஒரு துளி, சரி. ஆனால் அந்தத் தொட்டியில் உங்கள் பங்கு பன்னிரண்டில் ஒன்று. கட்டடத்தில் பன்னிரண்டு வீடுதானே? நான் ஒருவன் மாறி என்ன ஆகும் என்று எடுத்ததற்கெல்லாம் கேட்காமல், எங்கே என் பங்கு பன்னிரண்டில் ஒன்று என்று தேடினால் வேலை எளிதாகிவிடுகிறது.

அந்த 2019 பற்றி இன்னொரு விஷயம் யாரும் பேசுவதில்லை. அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2011-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருடத்துக்கு மேல் அதிகாரிகளே நடத்தினார்கள். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? நாமும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அமேசான் காடு எரிந்ததை எல்லோரும் பகிர்ந்தோம், வார்டு தேர்தல் தள்ளிப்போனதை யாரும் பகிரவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசி: 24-இல் வையுங்கள், மின்விசிறியையும் போடுங்கள். 2020 முதல் புது ஏசிகள் அந்த அளவிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் விதி. நம் மின்சாரத்துக்காக அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியின் சாம்பல் எண்ணூர்ப் பக்கம் செப்பாக்கம் மக்களின் தட்டில் விழுகிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வண்டி: பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் ஸ்கூட்டர், இதில் தியாகம் ஒன்றும் வேண்டாம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றார்கள். யாரும் அதைச் சுற்றுச்சூழல் திட்டம் என்று சொல்லவில்லை, ஆனால் எத்தனையோ ஷேர் ஆட்டோப் பயணங்களை அது குறைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். சாப்பாடு: தட்டில் மீதி வைக்காதீர்கள், என் பாட்டி இதை எந்த ஆய்வும் படிக்காமல் சொன்னார்.

இப்போது உங்கள் மூன்று தொட்டிகள். வண்டியில் கலக்கிறது என்றால் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பைதான். அதுதான் குப்பை மேட்டில் மூச்சு முட்டி அழுகி, தீப்பற்றும் மீத்தேன் வாயு ஆகி, பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததே, அந்தமாதிரித் தீயைப் பிடிக்க வைப்பது. ஒரு பழைய பெயின்ட் வாளி, பக்கத்தில் துளை, அடியில் காய்ந்த இலையோ தேங்காய் நார்த் தூளோ. அதன்மேல் காய்கறித் தோல், மறுபடி ஒரு கை இலை. வாரம் ஒருமுறை கிளறி, புளித்த மோர் கொஞ்சம் தெளியுங்கள். நாறினால் ஈரம் அதிகம், இன்னும் இலை போடுங்கள். புழு வரும், பயப்பட வேண்டாம், வேலை செய்கிறவை அவைதான் (என் மனைவி இந்த வாக்கியத்தை இன்றுவரை ஏற்கவில்லை). இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாகக் கையில் உதிரும். உலர் குப்பையைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். மிச்சம் இருப்பது நாப்கின், டயப்பர், அந்தச் சிப்ஸ் பாக்கெட். அது மட்டும் வண்டிக்கு.

இதில் எனக்கு ஒரு சுயநலக் கணக்கும் இருக்கிறது. 2022-லிருந்து வார்டுக்குள் அந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேச ஏரியா சபை என்று ஒன்று வந்திருக்கிறது, நவம்பர் 1 உள்ளாட்சி நாளை ஒட்டிக் கூடுகிறார்கள். நான் போயிருக்கிறேன். பத்திருபது பேர் வருவார்கள். தெருவிளக்கு, நாய், பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் இவ்வளவுதான் பேச்சு. அங்கே போய் ‘குப்பையைச் சரியா எடுக்கலை’ என்றால், ‘நீங்க முதல்ல பிரிச்சுக் குடுங்க’ என்று ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்கள். போன முறை என்னை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். நம் கட்டடத்தில் ஐந்து வீடு பிரிப்பதில்லை என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நாலு வருடமாகப் பிரிக்கும் நீங்கள் எழுந்து நின்றால் அந்த வரியைச் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவை இரண்டுதான்: நம் தெருவின் உலர் குப்பை எந்த இடத்துக்குப் போகிறது, ஒப்பந்தக்காரருக்குப் பணம் எடைக்கா, பிரித்துக் கொடுத்ததற்கா? எழுதியும் கொடுங்கள், நகலில் ரசீது வாங்குங்கள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

தேதி தெரிந்ததும் சொல்கிறேன், சேர்ந்தே போகலாம். அதற்கு முன்னால், இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பின்பக்கத் தொட்டியின் மூடியைத் திறக்கிறோம். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடப்பாறை என்னிடம் இருக்கிறது, மண்வெட்டிதான் இல்லை.